முள் கிளை வைத்த ஏழு குடிசைகள்

கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள், படிவத்தின் ரிமார்க்ஸ் கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு நேரில் பேசி விளக்க வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. ஏழு வரிகள்

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியில் வீட்டு வசதித் திட்டத்துக்கென்று தனியாக ஓர் ஆபீஸ் திறந்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சேலத்திலிருந்து வந்த குமாஸ்தா. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தப் போவதாகவும், ரோட்டோரக் குடிசைகளை எடுத்துவிட்டு அங்கிருக்கும் கூலிக்காரர்களுக்கு ஓட்டு வீடு கட்டித் தரப்போவதாகவும் சொன்னார்கள். முதல் நாள் என் மேஜையில் ஒரு பைல் இருந்தது. அதில் ‘குடும்பம்’, ‘வீடு’, ‘குடியிருப்பு’ என்று மூன்றுக்கும் தனித்தனி விளக்கம். நான்கு முறை படித்தேன். படிக்கப் படிக்க மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன.

டெபுடி தாசில்தாரிடம் கேட்கப் போய், வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அவரே கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்லய்யா. ஆள் இருந்தா பேர் எழுது. இல்லேன்னா காலின்னு எழுது. இதுக்கு மெட்ராஸ் போயா படிச்சிட்டு வரணும்?”

கார்த்திகை மாதம் ஓசூருக்கு முன்னால் இருந்த கல்லுடைப்பவர்களின் குடிசைகளுக்குப் போனேன். மொத்தம் இருபத்தாறு. கூட வந்த தலையாரி முனியப்பன், “டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார்” என்று போனவர், வேலை முடியும் வரை வரவில்லை. ஒரு குடிசையில் தமிழ், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம். தட்டுத்தடுமாறி பத்தொன்பது குடிசைகளில் பேர் வாங்கினேன்.

மீதி ஏழில் ஆள் இல்லை. ஒவ்வொன்றிலும் வாசலுக்குக் குறுக்கே ஒரு வேல முள் கிளை சாய்த்து வைத்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே பானை இல்லை, பாய் இல்லை. எங்கள் ஊரில் பாழடைந்த வீட்டுக்குத்தான், ஆடு மாடு நுழையாதிருக்க இப்படி முள் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு பெண் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். என்ன பாஷையில் பதில் சொல்வாளோ, நான் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பாளோ என்று கேட்கவில்லை.

ஏழு வரியிலும் ‘காலி’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாக டெபுடி தாசில்தார் சொன்னார்.

2. வெங்கடம்மா

தை முடியும்போது லேஅவுட் வந்தது. பத்தொன்பது வீடு, ஒரு கிணறு, ஒரு விளையாட்டு மைதானம். மழைக்கு முன் குடிசைகளைப் பிரித்துவிட வேண்டும் என்று உத்தரவு. நான் முனியப்பனோடு அங்கே போய்ப் பட்டியலைப் படித்தேன். தலைச்சுமையை இறக்காமலே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். பேர் வெங்கடம்மா.

“அந்த ஓரத்துக் குடிசை எங்குளுது. எங்க பேரே வரலியே சார்?”

“அது காலிம்மா” என்றேன்.

“காலியா? முள்ளு வெச்சிட்டுத்தானே போனோம்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முள் இருந்ததை நானும்தானே பார்த்தேன்?

முனியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ சார், முள்ளு வெச்சா திரும்பி வருவாங்கன்னு அர்த்தம். ராகி அறுப்புக்கு மைசூர் எல்லைக்கு அந்தாண்ட போயிடுவாங்க. பூட்டுக்கு எங்க போறது? முள்ளு இருந்தா ஒருத்தனும் கால் வெக்க மாட்டான். ஒரேடியா போறவன் மூங்கிலு, கூரையெல்லாம் பிரிச்சி எடுத்துக்கினு இல்ல போவான்?”

“மாடு கூட முள்ளப் பாத்தா நின்னு யோசிக்கும்” என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். வெங்கடம்மா சிரிக்கவில்லை.

“ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு மழையில எங்க சார் போவேன்? அங்க போனா மெட்ராஸ்காரின்றாங்க. இங்க வந்தா காலின்றீங்க.”

ஆபீசுக்குத் திரும்பி பைலை மறுபடி புரட்டினேன். கணக்கெடுத்த நாளில் வீட்டில் இருப்பவரே குடியிருப்பவர் என்று இருந்தது. அப்படியானால் நான் எழுதியது சரி. ஆனால் அது பொய். சரியாக எழுதியது எப்படிப் பொய்யாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

டெபுடி தாசில்தாரிடம் சொன்னேன். “லேஅவுட் சாங்ஷன் ஆயிடுச்சு. இப்போ வந்து சொல்றே” என்றவர், சற்று யோசித்து, “தலையாரி தப்பாச் சொல்லிட்டான்னு எழுதிக் குடு. உனக்கு ஒண்ணும் வராது” என்றார்.

எழுதவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நாலு நாள் ஒரு வெள்ளைக் காகிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. மைதானம்

ஐந்தாம் நாள் சேலத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் இடத்தைப் பார்க்க வந்தார். முளைக்குச்சி அடித்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் மைதானத்துக்கென்று விட்ட நிலத்தில் வரிசையாக ஏழு முள் கிளைகள். காற்றில் நகராமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். வெங்கடம்மாவும் மற்ற ஆறு குடிசைக்காரர்களும் தூரத்தில் நின்றார்கள்.

“என்னய்யா குப்பை? எடுத்துப் போடச் சொல்லு” என்றார் மேலதிகாரி.

டெபுடி தாசில்தார் முனியப்பனைப் பார்த்தார். முனியப்பன் அசையவில்லை. அந்த ஊரில் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

“எடுக்கக் கூடாதுங்க சார்” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். “முள்ளு வெச்சா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். இவங்க குடிசையக் காலின்னு எழுதினது நான்தான். பாத்தேன். கேக்கல.”

“தெரியாமத்தானே எழுதினே?”

“கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்.”

அவர் லேஅவுட்டை விரித்து வெகுநேரம் பார்த்தார். “திருத்தின பட்டியல் குடு. தப்பு எப்படி நடந்ததுன்னும் உன் கையால எழுது” என்றார்.

எழுதினேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. அவர்களுக்கு மைதானத்தில் ஏழு மனைகள் வந்தன. கூரையை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். மற்றப் பத்தொன்பது வீட்டுப் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லாமல் போனது. அதில் எது நியாயம் என்று இன்றும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

மனையில் வைத்த கிளையை வெங்கடம்மாவே தூக்கி ஓரமாகப் போட்டாள். “இனிமே பூட்டு வாங்கி மாட்டிட்டுப் போறேன் சார். அப்பவாவது உங்களுக்கு வெளங்குதான்னு பாக்கலாம்.”

அடுத்த அறுப்புக் காலத்தில் வேறொரு கணக்குக்காக அங்கே போனேன். ஏழு வீடுகளிலும் பூட்டு இல்லை. வாசலுக்கு வாசல் முள் கிளை. அர்த்தம் எனக்கு இப்போது தெரியும். இருந்தாலும் பக்கத்து வீட்டில் போய், எப்போது வருவார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் கன்னடத்தில் பதில் சொன்னாள். பாதிதான் புரிந்தது. சிரித்தாள். நான் மறுபடியும் கேட்டேன்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். அந்த ரிமார்க்ஸ் கட்டத்தை வாசலில் நின்றபடியே நிரப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். புரியாவிட்டால், அவர்கள் சிரித்தாலும், இன்னொரு முறை கேளுங்கள்.