வயிறு நிறைந்த பட்டினி

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு சிமென்ட் தொட்டியைப் பார்த்து பயந்தேன்.

உள்ளே பாம்பு எதுவும் இல்லை. கட்லா மீன் குஞ்சுகள்தான். முட்டையிலிருந்து வெளியே வந்து ஒரு வாரம். உடம்பு கண்ணாடி மாதிரி... தண்ணீரோடு தண்ணீராக மறைந்துவிடும். தெரிவது கண்கள் மட்டும். இரண்டிரண்டு கறுப்புப் புள்ளிகள். தொட்டி முழுக்கக் கண்கள். குனிந்தால் எல்லாம் சேர்ந்து நம்மைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அது பழகிவிட்டது. அன்றைக்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் வயிறும் நிறைந்திருந்தது. ஒவ்வொன்றும் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது.

எப்படி? சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது மைசூரு ரிங் ரோடு தாண்டி, டி.நரசிபுரம் ரோட்டில் இருக்கும் ராசம்மா அக்காவின் பண்ணையில். இருவருக்கும் சொந்த ஊர் ஹனூர் பக்கம். கணவர் போன பிறகு, ராகி விளைந்த நிலத்தில் குளம் வெட்டி மீன் குஞ்சு வளர்க்கிறார் அக்கா. போன வருஷம் விட்ட குஞ்சு மொத்தமும் போய்விட்டது. இந்த முறையும் போனால் குளத்தை மூடிவிட்டு வாழை வைப்பது என்று கணவரின் தம்பிகள் இரண்டு பேரும் முடிவே செய்துவிட்டார்கள். புதன்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நான், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். படித்தது மீன் வளர்ப்பு. ‘மீனுக்குச் சோறூட்டறதுக்கு ஒரு படிப்பா?’ என்று அப்பா இன்னும் கேட்கிறார்.

பிறந்த குஞ்சின் வயிற்றடியில் ஒரு மஞ்சள் பை இருக்கும். தாய் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. மூன்று நாளில் அது தீர்ந்து, வாய் திறக்கும். எங்கள் குஞ்சுகளுக்கு வெள்ளிக்கிழமையே வாய் திறந்துவிட்டது. குளத்தில் பாசியும் பொடிப் பூச்சியும் பெருகித் தண்ணீர் பச்சை பிடித்திருந்தால் அப்படியே அதில் விட்டிருக்கலாம். ஒரு வாரமாக மேகமூட்டம், குளம் தயாராகவில்லை. நாளைக்குப் பிடித்துவிடும் என்று சனிக்கிழமையும் காத்திருந்தேன். அது முதல் தப்பு.

ஞாயிறு காலை இரண்டு முட்டையோடு அடுப்படிக்குப் போனேன். அக்கா வாசலிலேயே மறித்தார்.

“கையில என்ன தம்பி?”

“முட்டைங்கக்கா. வேகவெச்சு, மஞ்சக்கருவைத் துணியில கட்டிப் பிழிஞ்சு உடோணும். குளம் தயாராகற வரைக்கும் குஞ்சுக்கு அதான் சாப்பாடு.”

“இன்னிக்கு அமாவாசை. நாளைக்குத் திங்கக்கெழமை. நம்ம மலைச்சாமி மாதப்பனுக்கு ரெண்டு நாளும் ஆகாது. பண்ணைக்குள்ளயே முட்டை வரக்கூடாது.”

“குஞ்சுக்குத்தானுங்களே. நமக்கில்லையே.”

“குஞ்சு யாரு குடுத்தது? அவங் குடுத்ததுதான? வேற எதாச்சும் ஊத்து. பேருக்குத்தான் படிச்சவனா நீ?”

அந்தக் கடைசி வார்த்தை போதாதா?

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்தேன். மைய அரைத்தேன். வேட்டித் துணியில் வடிகட்டிப் பால் எடுத்துத் தொட்டியில் தெளித்தேன். குஞ்சுகள் தின்றன. கண்ணாடி வயிற்றுக்குள் பழுப்பாக ஒரு நூல் ஓடியது. அக்காவிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. திங்களும் அதேதான்.

செவ்வாய் மதியம் பார்க்கிறேன் — தலை மட்டும் பெரிதாக இருக்கிறது, உடம்பு ஊசியாக வற்றியிருக்கிறது. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது. வாய்ப்பக்கம் எந்தத் துகள் போனதோ, அதே துகள் கொஞ்சமும் மாறாமல் வால்பக்கம் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த வயதில் குஞ்சின் குடல் ஒரு வெறும் குழாய். புண்ணாக்கைச் செரிக்க அதற்கு இன்னும் தெரியாது.

இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். படித்தவன்தானே என்று ஒருவர் குத்திக்காட்டியதும், படித்தது முதலில் மறந்துபோகிறது... உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

குளத்துக்கு ஓடினேன். லேசாகப் பச்சை பிடித்திருந்தது. துணிவலையை இழுத்து, தண்ணீரில் துடிக்கும் பொடிப் பூச்சிகளை அள்ளி வந்து தொட்டியில் விட்டேன். சில குஞ்சுகள் பாய்ந்தன. ஒன்றை லென்ஸில் பார்த்தேன். விழுங்கப்பட்ட பூச்சி, உள்ளே இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

மற்றவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சி வாயில் வந்து இடித்தது. விலகி நீந்தின.

பட்டினி ஒரு எல்லையைத் தாண்டினால் பசி நின்றுவிடும். அப்புறம் எதைக் கொடுத்தாலும் தின்னாது; முன்னால் தின்றது குடலிலேயே தங்கிவிடும். ஆனால் உடனே சாகாது. ஒரு நாள், இரண்டு நாள் நீந்தும். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

அக்கா பின்னால் நின்றிருந்தார். “கண்ணிருக்குது. வாயிருக்குது. முன்னால சோறும் இருக்குது. ஏந் தம்பி திங்க மாட்டேங்குதுக?”

நான் லென்ஸைக் கீழே வைத்தேன்.

“வெரதத்துல எதாச்சும் கொறை வெச்சுட்டனா? மாதப்பனுக்குக் கோவமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். மலை மேல் இருக்கிறவர் மறுக்கப்போவதில்லை.

“அவரு மேல ஒண்ணுமில்லீங்கக்கா. புண்ணாக்கு செரிக்காது. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். நாந்தான்...”

அக்கா என் பக்கம் திரும்பினார். “முட்டை இல்லாட்டிச் செத்துப்போகும்னு அடிச்சுச் சொல்றதுக்கென்ன? பக்கத்துத் தோட்டத்துல குடுத்து வேகவெச்சிருப்பனே.”

அதற்கு மேல் திட்டவில்லை. குழாயை லேசாகத் திறந்துவிட்டார். தின்ற குஞ்சுகள் ஓட்டத்தை எதிர்த்துக் குழாய்ப் பக்கம் ஏறி வந்தன. துணிவலையில் அள்ளி அள்ளிக் குளத்தில் விட்டோம். மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மிச்சம், தொட்டியின் மறுமூலையில் ஒதுங்கி நின்றது. எல்லாம் கண்கள்.

புதன்கிழமை மதியம் தம்பிகள் வந்தார்கள். பெரியவர் குளத்தை எட்டிப் பார்த்தார். “என்னங்கண்ணி, வெறும் பச்சைத் தண்ணி. இதுக்கு வாழையே தேவலை.”

அவ்வளவு சின்னக் குஞ்சு குளத்தில் எங்கே தெரியும்?

சின்னவர் அதற்குள் தொட்டிப் பக்கம் போயிருந்தார். மொபைலை நீட்டி ஜூம் செய்து பார்த்தார். “அண்ணா, இங்க வந்து பாரு. எவ்வளவு கூட்டம்... வயிறெல்லாம் நெறஞ்சு கெடக்குது.”

பெரியவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்த அவர் முகத்தை, கீழேயிருந்து அத்தனை கண்களும் பார்த்தன.

“சரிங்கண்ணி. இந்த வருஷம் நடக்கட்டும்.”

அவை சாகப்போகிறவை என்று அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் தொட்டியில் ஒரு கண்கூட மிதக்கவில்லை. தரை வெள்ளையாக இருந்தது. கண்ணாடி உடம்பு, செத்தால்தான் வெளியே தெரிகிறது. குளத்தில் ஒரு கிண்ணத்தை முக்கிப் பார்த்தேன். ஐந்தாறு ஜோடிக் கண்கள், பிடிபடாமல் ஓடின.

குளம் பிழைத்தது. பிழைக்க வைத்தவை, அந்தக் குளத்தில் ஒரு நாள்கூட நீந்தாதவை.