வடிகட்டியைக் கழற்றாத காலை

2006 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு மோட்டார் போட்டேன். இருபது நிமிடத்தில் காற்று வாங்கியது, நிறுத்தினேன். லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைத்தேன். 7.50 ரயில் ஆறு நிமிடம் தாமதம். மதியம் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். ஆறேகாலுக்கு வீடு. ஏழு மணிக்குக் காதர் பாய் வீட்டுக்குப் போய், எழுதியதை வாசித்துக் காட்டி, பதினான்கு தாள்களிலும் கையெழுத்து வாங்கினேன்.

என் டைரியில் இப்படித்தான் இருக்கிறது. போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணிலிருந்து டைரிகளை இறக்கவேண்டி வந்தது. "இதுல ஒண்ணாவது யாருக்காவது உபயோகப்பட்டிருக்கா?" என்று கேட்டாள் மனைவி. 2003 மே மாதம் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். யாரும் கேட்டதில்லை.

மற்ற டைரிகளில் பாச்சை உருண்டை வாசம். 2006இல் மட்டும் லேசாக மண்ணெண்ணெய் வாசம், அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. காதர் பாய் வீட்டு வராந்தாவில் எப்போதும் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் இருக்கும், அதில் ஸ்பேனர்கள் ஊறிக்கொண்டிருக்கும். குரோம்பேட்டையில் வைத்திருந்த லேத் பட்டறையை விற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு மேலேதான் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பாய் பார்ப்பதற்குப் பதில் காது கொடுப்பார். "இருமிகினு போறான் பாரு. பிளக்கை மாத்தணும்" என்பார். எண்பத்து மூன்று வயதில் கண்புரை முற்றி, எதிரே நிற்பவர் யாரென்று தெரியாது. சத்தம் மட்டும் தெரியும்.

உலக யுத்தத்தின்போது விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர் அவர். பர்மா எல்லையில், அரக்கான் பக்கம், சேற்றில் இரும்புத் தட்டிகளைப் பரப்பிப் போட்ட ஓடுதளம். இருபத்தோரு வயது. இறக்கைக்குக் கீழே படுத்துத் தூங்கியதாகச் சொல்வார். பெங்களூரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை எழுதத் தொடங்கி, மிச்சமிருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். நினைவில் இருப்பதை எந்த மொழியிலும் எழுதலாம், ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வேண்டும். பாய் சொல்லச் சொல்ல எழுத ஆள் தேடினார்கள். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால் எனக்குக் கிடைத்ததெல்லாம் மற்றவர்களுடைய மனுக்கள்தான்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். ஒன்பதாவது ஞாயிறு பதினோராம் தாள் வந்தது. பாய் அதுவரை கதைபோலச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விமானம் கிளம்புமுன் எஞ்சினைப் பார்க்கிறவன், உடம்பைப் பார்க்கிறவன், மின்சாரம் பார்க்கிறவன் எல்லாரும் எழுநூறாம் நம்பர் ஃபாரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பைலட்டின் கையெழுத்து கடைசி. எஞ்சின்காரன் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்ப்பான். துணியில் மினுமினுப்பு இருந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று பொருள், விமானம் போகக்கூடாது.

"நாலு விமானம். விடியறதுக்குள்ள மூணுதான் முடிஞ்சுது. நாலாவதுல வடிகட்டியைத் தொடவே இல்ல தம்பி. கையெழுத்து போட்டேன். பைலட்டு பஞ்சாப்காரப் பையன். 'பாத்தாச்சா'ன்னு இந்துஸ்தானியில கேட்டான். 'ஆச்சு சார்'ன்னேன். என் மூஞ்சியப் பாத்துட்டு கையெழுத்து போட்டான். ஃபாரத்தப் பாக்கவே இல்ல."

விமானம் திரும்பவில்லை. அதில் போனவர்கள் இருவர். ஏன் திரும்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. யாரும் பாயை விசாரிக்கவும் இல்லை.

"இந்த வரி புஸ்தகத்துல இருந்தாவணும். அதுக்குதான் மீதியெல்லாம் சொன்னேன்" என்றார்.

வியாழக்கிழமை மாலை அவர் மகள் ஜமீலா எங்கள் வீட்டுக்கு வந்தார். மேடவாக்கத்தில் பள்ளி ஆசிரியை. கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"அண்ணா, அந்த வரி வேணாம். எஞ்சின்தான் காரணம்னு யார் சொன்னது? மழை மேகம் இருந்துச்சு, ஜப்பான்காரன் இருந்தான். இப்போ அந்த ரெண்டு பேர் வீட்ல யாராவது படிச்சா, எங்க அத்தாதான் கொன்னாருன்னு ஆயிடும்."

"அவர் கேட்டா?"

"கேட்டா, இருக்குன்னு சொல்லுங்க. அவருக்குக் கண்ணா தெரியுது?"

நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன். சரிபார்க்காத சரக்கைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் சட்டம். நிரூபணமாகாத காரணமும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோர்வாகவும் இருந்தது. ஜமீலா சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதினோராம் தாளை அந்த வரி இல்லாமல் திருப்பி எழுதினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டியபோது, தாளில் இல்லாத வரியை, தாளைப் பார்த்தபடியே வாசித்தேன். ஜமீலா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பாய் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நீ பாத்துட்டேல்ல?"

"பாத்தாச்சு பாய்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், பதினான்கு தடவை. வீட்டுக்கு வந்து டைரி எழுத உட்கார்ந்தேன். முதலில் நீங்கள் படித்தீர்களே, அந்த வாக்கியத்தை எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

பாய் அடுத்த வருஷம் ரமலான் மாதத்தில் மௌத்தானார். அவர் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள், கீழே கார் நிற்கிறது. ஜமீலா ஊரப்பாக்கத்துக்குக் குடிபோனார். பிறகு அவர் ஃபோன் எண்ணும் மாறிவிட்டது. பெங்களூர் அதிகாரி வரலாற்றை முடிக்கவில்லை. நான் விசாரித்துக் கடிதம் போட்டபோது, தந்தை இறந்துவிட்டார், காகிதங்களை யாரோ கேட்டு வாங்கிப்போனார்கள், யாரென்று நினைவில்லை என்று அவர் மகன் பதில் எழுதினார். மொத்தத்தில் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிந்த ஒரே தாள், 2006 டைரிக்குள் இருக்கும் பதினோராம் தாள்தான். அந்த வரி இல்லாத தாள். கீழே பாயின் கையெழுத்து சுத்தமாக இருக்கிறது. விமானங்கள் இப்போதும் தெருவுக்கு மேலே போகின்றன. எது இருமுகிறது என்று சொல்ல ஆளில்லை.

அந்த 2006 ஜூலையில் மறுநாள், 15, சனிக்கிழமை. விடிந்ததும் முதல் வேலையாக, பெங்களூருக்கு அனுப்ப ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்து, பதினோராம் தாளை எடுத்து டைரிக்குள் வைத்துவிட்டு, அந்த வரியோடு புதிதாக ஒன்று எழுதினேன். பல்கூடத் தேய்க்காமல் எடுத்துப்போனேன். கதவைத் திறந்தவர் ஜமீலா. நின்றபடியே படித்தார். உள்ளே போய் அத்தாவை எழுப்பி உட்காரவைத்தார்.

"அண்ணன் ஒரு தாளை மறுபடி எழுதிட்டு வந்திருக்காரு. நானே படிக்கிறேன், கேளுங்க" என்றார்.

வகுப்பில் படிக்கிற குரலில் படித்தார். 'நாலாவது விமானத்தின் வடிகட்டியை நான் கழற்றவில்லை. கழற்றிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.'

பாய் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா படிம்மா" என்றார்.

ஜமீலா படித்தார். அதற்குப் பிறகுதான் பாய் பேனாவுக்குக் கை நீட்டினார்.