என் கண்ணும் அவர் எழுத்தும்

என்னிடம் ஒரு செடியின் பெயர் கேட்டு வந்தவர்தான் அவர். அப்போது நான் அம்பத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பள்ளி விட்டு வெளியே வந்தால், கேட் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என் வயதுப் பெண் ஒருவர் காத்திருந்தார். தேனிப் பக்கத்துக்காரர். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்திருந்தார். பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். உள்ளே ஈரத் துணியில் ஒரு கொடி.

"டீச்சர், எங்க ஏரிக்கரை பூரா இது கெடக்கு. பேரு கேட்டா யாருக்கும் தெரியல."

பொடுதலை என்றேன். தாவரவியல் பெயரையும் குடும்பத்தையும் சொன்னேன். அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, மனிதர்கள் மிதிக்கிற இடத்தில் போய் இது ஏன் படர்கிறது என்று கேட்டார். பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தோம். எனக்கு அது பெருமையாக இருந்தது. என்னிடம் கேட்கவும் ஒரு ஆள் இருக்கிறார் என்ற பெருமை. நம் பக்கத்துக் காட்டுப்பூக்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பொய்யில்லை. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுப் பரணில் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே உலர்ந்த செடிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் புதிதாக ஏதாவது முளைக்கும். அதையும் சேர்த்துவிட்டு முடிக்கலாம் என்று இருப்பேன்.

ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், தானும் சின்னதாக ஒன்று எழுதிப் பார்க்கட்டுமா என்று. சப்பாத்தி தேய்க்கிறேன் என்று குழந்தை வந்து நின்றால் மாவில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்போமே, அப்படித்தான் சரி என்றேன்.

அடுத்த வருடமே அவர் புத்தகம் வந்துவிட்டது. சட்டைப் பையில் அடங்குகிற அளவு. நான் என் செடிகளைக் குடும்பவாரியாகப் பிரித்து வைத்திருந்தேன். அவரோ பூக்களைப் பார்க்கிற இடத்தை வைத்துப் பிரித்திருந்தார்: மதில் ஓரம், காலி மனை, ரயில்வே பிளாட்பாரம், ஏரிக்கரை. இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று வயிறு எரிந்தது.

என் கணவர் மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ எழுதிகினே இருந்த. அவங்க எழுதிட்டாங்க" என்றார். அன்று அவருக்கு நான் தோசை வார்க்கவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தில் தப்பு தேடினேன். ஒரு செடிக்கு இலை அடுக்கு மாறிப்போயிருந்தது. அந்த நாள் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது. போன் போட்டுச் சொன்னேன். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டு, மறுபதிப்பில் திருத்திவிடுவதாகச் சொன்னார். மறுபதிப்பு வரப்போகிறது என்பதையே நான் அப்போதுதான் அறிந்தேன்.

நடைப்பயிற்சிக்கு வருகிற ஃபிளாட் பெண்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் குனிந்து நின்றார்கள். என் பழைய மாணவி ஒருத்தி, "மிஸ், இந்த புக் படிச்சிருக்கீங்களா? கண்டிப்பா படிங்க" என்றாள். நான் படித்திருந்தேன். பல பக்கங்கள் எனக்கு மனப்பாடம்.

அவர் இரண்டாவது புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தபோது அது நடந்தது. ஏரியின் சேற்றோரத்தில் நீர்முள்ளி நன்றாகப் பூத்திருந்த காலை. கண்ணெதிரே அத்தனை ஊதாவை வைத்துக்கொண்டு, "இங்க பூ இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

விளையாட்டில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறதாம். பல மாதமாக வைத்தியம் பார்த்தும் போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"எதைப் பாக்கேனோ அதுதான் தெரிய மாட்டேங்குது. சுத்தி இருக்கறதெல்லாம் தெரியுது. ஏரி தெரியுது, நீங்க நிக்கறது தெரியுது. பூவப் பாத்தா பூ இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பரிதாபம் இருந்தது. ஆனால் இனிமேல் இவரால் எழுத முடியாது என்ற நினைப்பு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. மீதியை நீங்களே எழுதுங்கள் என்று என்னிடம் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். கணவர் கேட்டுக்கொண்டே கை கழுவினார். "வயித்தெரிச்சலோட ஊட்ல குந்திகினு இருக்கறதுக்கு, ஏரிக்குப் போய் குந்து. காத்தாவது வரும்" என்றார்.

போனேன். முதல் செடி கானாவாழை. மண்டி போட்டுப் பார்த்து, இதழ்கள் மூன்று, மேலிரண்டு பெரியவை, நீலம், பூவடிச் செதில் படகு வடிவம் என்று சொல்லிக்கொண்டே போனேன். நான் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொண்டிருந்தவர் அதை நிறுத்தினார்.

"டீச்சர், இது பரீட்சைப் பேப்பர். உங்க பக்கத்து வீட்டம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடே திரும்பக் குனிந்து பார்த்தேன். "பச்சை மடிப்புக்குள்ள யாரோ ஒளிஞ்சிக்கிட்டு, ரெண்டு நீலக் காத மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்காங்க. போதுமா?" என்றேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கானாவாழைக்கு எழுதிய பத்தியை எனக்குச் சொல்லிக் காட்டினார், மனதிலிருந்தே. 'காலையில் போங்கள்' என்று தொடங்கியது அது. பிறகு என் பச்சை மடிப்பு, என் நீலக் காதுகள். கடைசியில், வெயில் ஏறிய பிறகு போனால் ஒளிந்திருந்தவர் எழுந்து போயிருப்பார் என்று முடித்திருந்தார். என் வளையலை வாங்கிப் போட்டுக்கொண்டவள் கையில் அது இன்னும் நன்றாக இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. 'காலையில் போங்கள்' என்று தொடங்க எனக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது.

புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன, அவர் பெயர் மேலே. நூலகத்தில் நடந்த சின்னக் கூட்டத்தில் ஒருவர் அந்தக் கானாவாழைப் பத்தியை எழுந்து வாசித்தார். அது டீச்சர் கண்டுபிடித்த காது என்று இவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். கஞ்சத்தனம் பிடித்தவராக இருந்திருந்தால் அவரை வெறுத்துவிட்டாவது போயிருப்பேன்.

அந்த மழைக்காலத்தின் முடிவில், கரையில் உட்கார்ந்திருந்தபோது என் கையேடு எப்போது வரும் என்று கேட்டார். எனக்கு எழுத வராது, உங்களுக்குத்தான் வரும் என்றேன். குரலில் இருந்ததை அவர் பிடித்துக்கொண்டுவிட்டார்.

"எழுத வராதுன்னு யாரு சொன்னா? உங்களுக்கு முடிக்கத்தான் வராது" என்றார். பிறகு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீங்க குனிஞ்சு பாத்துட்டு ஒரு நிமிசம் பேசாம இருப்பீங்கள்ல, அப்ப எனக்கு எப்படி எரியும் தெரியுமா? அந்த ஒரு நிமிசத்துல நீங்க பாத்தத எங்கிட்ட முழுசா சொல்லவே மாட்டீங்க. வேணும்னு இல்ல, சொல்ல முடியாது. அது உங்களுக்கு மட்டும்தான்."

இத்தனை வருடத்தில் அவரும் என்னைப் பார்த்து எரிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது மூன்றாவது புத்தகம் நடக்கிறது, பூந்தமல்லி சாலையோரப் பூக்கள். பஸ்ஸில் சேர்ந்து போகிறோம். அவர் பெயரைக் கேட்டு யாராவது ஓடிவந்து பேசினால் எனக்கு இன்னமும் சுருக்கென்கிறது. நான் செடியருகே நேரம் எடுத்துக்கொண்டால் அவர் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் துத்திப் பூவுக்குச் சண்டை. அதன் மஞ்சளை அவர் தாலிக்கயிற்று மஞ்சள் என்று எழுத நினைத்தார். இல்லை, மாலையில்தான் அது விரிகிறது, அந்த நேரத்து வெளிச்சத்தில் அது பழுத்த எலுமிச்சையின் மஞ்சள் என்றேன். தாலிக்கயிறு என்றால்தான் எல்லோருக்கும் புரியும் என்றார். பார்த்தது நான் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. சரி, எலுமிச்சையே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே படியேறக் கையை நீட்டினார்.