நாயகிக்கு ஒரு கோட்டு

படப்பிடிப்புத் தளத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஐந்து தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று, தலையில்லாத பொம்மைகள் மூன்று. அதுதான் உடைப் பிரிவு. அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவரை எல்லோரும் அரை இஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நடிகைகளின் உடை விஷயத்தில் "இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்து", "கழுத்தை ஒரு இஞ்ச் இறக்கு" என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கும். அக்கா தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டு இஞ்ச் கேட்டால் ஒன்றரைதான் ஏறும். ஒன்று கேட்டால் அரைதான் இறங்கும். யாராவது அளந்து பார்த்துக் கேட்டால், "புதுத் துணி சார், தொங்கத்தான் செய்யும்" என்று துணியின் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நடிகைகளுக்கு அளவெடுத்தவர் தலைமைத் தையல்காரர். ஆண். கதவு திறந்தே கிடக்கும். விளக்குத் தூக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், வேலையே இல்லாதவர் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அளவு நோட்டு செய்தித்தாள் மாதிரி கைக்குக் கை போகும். ஒரு முறை ஒரு நடிகையின் அளவுகள் ஒரு வாரப் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டன. அந்தப் பெண் ஒப்பனை அறையில் அழுதுகொண்டிருந்தபோது தலைமைத் தையல்காரர், "எதுக்கு அழுவுது? ஓசி விளம்பரம்தானே" என்று சிரித்தார்.

மறுநாள் அக்கா கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, தானே ஆணியடித்துப் பொருத்தினார். "இனிமே பொம்பளைங்களுக்கு நான்தான் அளவெடுப்பேன்" என்றார். நோட்டிலும் எண்களை எழுதுவதை நிறுத்திவிட்டார். இடுப்பு இருபத்தாறு என்றால் "பச்சை நூல், பட்டன் நாலு" என்று ஏதோ ஒரு கணக்கில் எழுதுவார். தலைமைத் தையல்காரர் மூன்று நாள் நோட்டை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோழி கிறுக்கின மாதிரி?"

"எனக்குப் படிக்க வருது சார். அது போதும்."

வெளியே இப்படி என்றால் வீட்டில் வேறு மாதிரி. அக்காவின் கணவர் பஸ் டிரைவர். மாடியில் கணவரின் அண்ணன் குடும்பம். அந்த அண்ணன் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, யாராவது கேட்டால் "அவ ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறா" என்று சொல்லிவிடுவார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரம்; சினிமாக்காரி உறவு என்று தெரிந்தால் சம்பந்தம் கூடாதாம். ஆனால் மாதம் ஒரு தடவை போனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வருவார்.

"இந்தப் பாட்டுல போட்டிருக்கா பாரு, முதுகுல கயிறு வச்சு. அதே மாதிரி என் பொண்ணுக்கு ஒண்ணு தைச்சுக் குடேன். வெட்கம் கெட்டவ, எப்படி ஆடுறா பாரு."

"போட்டவ வெட்கம் கெட்டவன்னா, அது உங்க பொண்ணுக்கு எதுக்குக்கா?"

"அது சினிமா. இது குடும்பம். ரெண்டும் ஒண்ணா?"

ஓரகத்தியின் கணவர் அதற்கும் ஒரு படி மேல். டிவியில் அந்த மாதிரிப் பாட்டு வந்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். மகள் அறைக்குள் வந்தால் அடுத்த நொடி செய்தி ஓடும். "காலம் கெட்டுப் போச்சு" என்று அந்தச் செய்தியைப் பார்த்துச் சொல்வார்.

அக்கா இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நம்மால் முடிந்தது அரை இஞ்ச், அதைச் செய்கிறோம் என்று இருந்தார். ஒரு பாட்டுக்காகப் பனிமலைக்குப் போகும் வரை அப்படித்தான்.

அந்தப் பாட்டில் நாயகனுக்கு வயது ஐம்பத்திரண்டு. உள்ளே கம்பளி பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் முழங்கால் வரை சிவப்புக் கோட்டு, கையுறை, கழுத்தைச் சுற்றி ஒரு துணி. நாயகிக்கு இருபத்து மூன்று. அவளுக்குக் கை இல்லாத, முதுகு இல்லாத, கொசுவலையை விட மெல்லிய நீலக் கவுன். அதைத் தைத்தது அக்காதான். வழக்கம்போல அரை இஞ்ச் கூட விட்டுத்தான் தைத்திருந்தார். முழங்கால் புதையும் பனியில் அந்த அரை இஞ்ச் எந்த மூலைக்கு?

ஒவ்வொரு ஷாட்டும் முடிந்ததும் அக்கா போர்வையோடு ஓடினார். நாயகியின் தோள் கல் மாதிரி சில்லிட்டிருந்தது. இயக்குநர் உள்ளங்கால் வரை மூடிய உடையில் உட்கார்ந்துகொண்டு மைக்கில் கத்தினார்.

"நடுங்காதம்மா! ஃப்ரேம்ல தெரியுது. வெயில்ல நிக்கிற மாதிரி சிரி!"

உதடு நீலம் பாரித்தது. ஒப்பனைக்காரர் அதன் மேல் சிவப்பைத் தடவினார். நாயகன் கோட்டு பட்டனைக் கழற்றிவிட்டு, "எனக்கு வேர்க்குதுப்பா" என்றார்.

இரண்டாம் நாள் மூன்றாவது ஷாட்டில் நாயகியின் கால் மடிந்தது. சிரித்த முகம் சிரித்தபடியே பனியில் விழுந்தது. விடுதிக்கு வந்த டாக்டர் ஒரு நாள் முழு ஓய்வு என்றார். "இன்னொரு தடவை இந்தத் துணியில நிறுத்தினீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றும் சொன்னார். இயக்குநர் ஓய்வு என்ற வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். "நாளைக்கு ரெஸ்ட். மறுநாள் அதே டிரெஸ், மிச்ச ஷாட்டை முடிச்சுடலாம்."

அக்கா சூடான பையை எடுத்துக்கொண்டு நாயகியின் அறைக்குப் போனார். மூன்று கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிடேன் பாப்பா."

"சொன்னா திமிர் பிடிச்சவன்னு எழுதுவாங்கக்கா. போட்டுக்கிட்டு ஆடினா, இப்படியா டிரெஸ் பண்றதுன்னு அதே ஆளுங்க எழுதுவாங்க. எதுக்குன்னு நான் பயப்படுறது?"

அக்கா சூடான பையை அவள் பாதத்தில் வைத்துத் தேய்த்தார். பிறகு, "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தைக்கிறவ நான். நான் சொல்லிக்கிறேன்" என்று எழுந்தார்.

படத்துக்குத் தைக்கும் எந்த உடையும் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று கிழிந்தால் இன்னொன்று. நாயகனின் சிவப்புக் கோட்டுக்கும் இரண்டாவது பிரதி பெட்டியில் இருந்தது. ஓய்வு நாள் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரமாகச் சின்ன மெஷினை வைத்தார். கோட்டின் தோள் தையலைப் பிரித்து, நாலு இஞ்ச் உள்ளே வாங்கினார். கையைக் கழற்றி மறுபடி பொருத்தினார். இடுப்பைப் பிடித்து, காலரைச் சின்னதாக்கினார். உள்பக்கத்துக்கு லைனிங் வேண்டும். நீலக் கவுன் இரண்டையும் மேஜையில் விரித்து, கத்திரியை எடுத்தார்.

வெட்டுவதற்கு முன் கணவருக்குப் போன் போட்டார். "ஏங்க, இன்னிக்கு ஒரு வேலை பண்ணப் போறேன். என் வேலை போனாலும் போயிடும்."

என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. "போனா போகட்டும். என் பஸ்ல கண்டக்டரா வந்துடு. சில்லறை இல்லைங்கிறவனை நீதான் சரியா கவனிப்ப."

அக்கா சிரித்துக்கொண்டே வெட்டினார்.

மறுநாள் நாயகி கம்பளிக் கால்சட்டையும் பூட்ஸும் போட்டு, சிவப்புக் கோட்டில் வந்து நின்றாள். அறுபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"யார் இதைப் போடச் சொன்னது? கவுன் எங்க?" என்றார் இயக்குநர்.

"கோட்டுக்கு லைனிங் ஆயிடுச்சு சார்" என்றார் அக்கா.

"இன்னொண்ணு?"

"அதுவும்தான் சார். ஒண்ணு பத்தல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநரின் முகம் கோட்டு நிறத்துக்கு வந்தது. "நீ யாரும்மா முடிவு பண்ண? ஜனங்க எதைப் பார்க்க வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே வெட்டிக் குடுத்தேன்." அக்காவின் குரல் உயரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பாட்டு நாலு நிமிஷம். அது ஓடி முடியிற வரைக்கும் நீங்க கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் கழட்டிட்டு பனியனோட இங்க நில்லுங்க. நின்னுட்டீங்கன்னா, இதைப் பிரிச்சு அதே கவுனை மறுபடி தைச்சுத் தர்றேன்."

மறுத்திருக்கலாம். ஆனால் அறுபது பேர் பார்க்கிறார்கள். "நாலு என்ன, எட்டு நிமிஷம் நிக்கிறேன். போடுய்யா பாட்டை!" என்று ஒவ்வொன்றாகக் கழற்றி உதவியாளர் கையில் போட்டார். பாட்டு தொடங்கியது. பல்லவி பாதியில் தாடை ஆடத் தொடங்கியது. கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

மைக் கேமராமேன் கைக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. "சார், நடுங்காதீங்க. ஃப்ரேம்ல தெரியுது" என்றார்.

நாயகி விடவில்லை. "சிரிங்க சார்! வெயில்ல நிக்கிற மாதிரி!"

மலையே சிரித்தது. ஒரு நிமிஷம் பத்து நொடி. அதற்குள் இயக்குநர் ஸ்வெட்டரைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். அவசரத்தில் கையை விடும் ஓட்டையில் தலையை விட்டார். நாயகன் மட்டும் எல்லோருக்கும் பிறகு, "ஆமா, அது என் கோட்டாச்சே?" என்றார்.

அன்றைக்கு எடுத்ததுதான் பாட்டு. இரண்டு நாள் விறைத்து நின்ற பெண் பனியில் உருண்டாள், ஓடினாள், நாயகன் முகத்திலேயே பனி உருண்டையை எறிந்தாள். முன்பு எடுத்ததில் பாதி நடுக்கம்தான் என்று கேமராமேன் அதை ஒதுக்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும் இயக்குநர் தன் கோபத்தைக் காட்டினார்; அக்காவுக்கு வேலைக்கு அழைப்பு வருவது நின்றது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். ஓரகத்தி தினமும் படியில் நின்று, "ஊரோட ஒத்துப் போயிருக்கலாம்ல" என்றார். வருத்தம் இருந்தது. இரண்டு கவுனை வெட்டியதை நினைத்து மட்டும் ஒரு நாளும் வருந்தவில்லை என்று பிற்பாடு அக்கா சொன்னார்.

படம் வந்தது. முதல் வாரமே வீட்டோடு எல்லோரும் தியேட்டருக்குப் போனார்கள். பாட்டு தொடங்கியதும் அக்கா கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பனி தெரிந்தது. சிவப்புக் கோட்டில் நாயகி ஓடி வந்தாள். பின் வரிசையில் ஒரு பெண் சத்தமாகச் சொன்னாள்: "அப்பாடா! இவளுக்காவது ஒரு கோட்டு குடுத்தாங்களே!"

அரங்கில் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு எழுந்தது, பிறகு கைதட்டல். பனி உருண்டை நாயகன் மூக்கில் பட்டபோது விசில் பறந்தது. கணவரின் அண்ணன் தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் கண்ணாடியைத் தொடாமல் பார்த்தார். கடைசியில் பெயர்கள் ஓடின. உடை என்ற இடத்தில் அக்காவின் முழுப் பெயர் தனி வரியில் வந்தது. நாயகி பிடிவாதமாகப் போடச் சொன்னதாம். "நம்ம வீட்டுப் பேரு!" என்று கத்தி எழுந்து நின்றவர் ஓரகத்தி.

அந்த வெயில் ஊரில் சிவப்புக் கோட்டுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வியர்த்து வழிந்துகொண்டு பெண்கள் கோட்டு போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் வரிசை நின்றது. "என் ஓரகத்திதான் தைச்சா. சினிமாவுல அவ பெரிய ஆளு" என்று ஓரகத்தியே வரிசையை ஒழுங்குபடுத்தினார். சம்பந்தம் பேச வந்தவர்களும் போகும்போது அளவு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

நாயகி தன் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: நாயகனுக்கு எத்தனை அடுக்கு உடையோ, தனக்கும் அத்தனை. அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலு நடிகைகள் அதே வரியைக் கேட்டார்கள். நாயகியின் அந்தப் புதுப் படத்துக்கு அக்காவையே உடைப் பிரிவின் தலைமைக்கு அழைத்தார்கள்.

முதல் நாளே புது இயக்குநர் ஒரு வரைபடத்தோடு கொட்டகைக்கு வந்தார். இளைஞர். கொஞ்சம் தயங்கினார்.

"மழைப் பாட்டுக்கா. ஹீரோயினுக்கு வெள்ளையில, மெல்லிசா ஒண்ணு..."

அக்கா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "ஹீரோவுக்கு என்னங்க தம்பி?"

"ரெயின்கோட்."

"அப்ப ரெண்டு ரெயின்கோட்டு வெட்டணும்" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார் அக்கா. "அந்தப் பாப்பாவை வரச் சொல்லுங்க. என்ன நிறம் வேணும்னு அதையே கேட்டுடலாம்."