ஹார்டு டிஸ்க்கில் திரும்பி வந்த கடிதம்

இன்று அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனிக்கு சர்வீஸுக்குப் போனேன். அங்கே துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் செல்வி அக்காவின் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க் மாட்டி, போன மாதம் நான் எடுத்து வைத்திருந்த பேக்கப் இமேஜை, அதாவது பழைய டிஸ்க்கின் முழு நகலை, அதில் ஏற்றினேன்.

“நாளைக்கு சாம்பிள் வெட்டோணுங்க. பேட்டர்ன் எல்லாம் வந்துருமுங்களா?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளியும் பின்னால் வந்து நின்றார்.

ஒரு மணி நேரத்தில் திரை வந்தது. நாளைக்கு வேண்டிய பேட்டர்ன்கள் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ‘ராஜினாமா கடிதம்’ என்று ஒரு ஃபைலும் இருந்தது.

“அதை அப்பவே அழிச்சுட்டனுங்களே!” என்றார் அக்கா.

இமேஜ் எடுத்த அன்று இருந்ததெல்லாம் அப்படியே திரும்பி வரும் என்று விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

முதலாளி கேட்டார். “ஏனுங்க, எழுதிப்போட்டு ஏன் குடுக்கலீங்க?”

“குடுக்கத்தான் வந்தனுங்க. அன்னைக்கு நீங்க வரலீங்க. மறுநாள் கோவம் கொறைஞ்சுருச்சுங்க.”

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்ன கோவமுன்னு இப்பச் சொல்லுங்க.”

அக்கா சொல்ல ஆரம்பித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சர்வீஸ் பார்க்கும் நண்பர்களே, இமேஜ் ஏறும் நேரத்தில் முதலாளியை டீ குடிக்க அனுப்ப நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்?