நின்றபடி ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு என்ன ஒயில்?

ஒயில் விக்கிற ஆளுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிஞ்சாக் காணும் எண்டு நினைச்சுத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தனான். வண்டியோட சேர்த்து ஆக்கள்ட வீட்டுக் கதையும் என்ட தலையில வந்து விழும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. செட்டிபாளையத்தில மெயின் றோட்டுக் கரையில எங்கட கடை. ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி. உப்புக் காத்தில இரும்பு என்ன பாடு படும் எண்டு வண்டி வைச்சிருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வெளியில ஸ்பானர் பிடிக்கிறது என்ட வீட்டுக்காரர். உள்ளுக்கு நிண்டு, என்ன வண்டி, எவ்வளவு பழசு, எங்க ஓடுது எண்டு விசாரிச்சு ஒயில் எடுத்துக் குடுக்கிறது நான். "ஆம்பிள ஆரும் இல்லையா?" எண்டு கேட்டு வாற ஆக்களுக்கு நான் ஒயில் குடுக்கிறதில்ல. தண்ணி குடுத்து வாங்கில இருத்தி வைப்பன். வீட்டுக்காரர் வந்து, "அவவக் கேளுங்க" எண்டு சொன்ன பிறகுதான் மிச்சக் கதை.

பால் தேத்தண்ணி

மாரி முடிஞ்ச கையோட கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் தன்ட உழவு மெசினை இன்னொரு மெசினில கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வட்டைக்குள்ள வயல் பார்க்கப் போன இடத்தில வெள்ளம் மறிச்சு, அவரும் மெசினுமா ஒரு பகல் முழுக்கத் தண்ணிக்க நிண்டவங்களாம். எஞ்சினுக்கு அடியில இருக்கிற நட்டைக் கழட்டினா ஒயில் கறுப்பா வரவேணும். வந்தது பால் தேத்தண்ணி நிறத்தில. தண்ணி கலந்தா அப்பிடித்தான். மலிவு ஒயில் விட்டு ஒருக்கா ஓடவிட்டு, அதையும் வடிச்சு ஊத்திப்போட்டுத்தான் நல்ல ஒயில் விடவேணும், இல்லாட்டி காசக் கொண்டுபோய் வாவிக்குள்ள கொட்டினதுக்குச் சரி எண்டு விளங்கப்படுத்தினன்.

அவர் நான் சொன்னதைக் கேட்ட மாதிரித் தெரியல்ல. வடிஞ்ச தட்டத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். நல்ல கறுத்த மனிசன், அண்டைக்கு முகம் சாம்பல் பூசினது போல வெளுத்துக் கிடந்தது. வெள்ளத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள்ள ஒரே குளிர் எண்டு சொல்லித் தேத்தண்ணி வாங்கினவர், கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டிருந்தாரே தவிர குடிக்கல்ல. கடைசியில மெதுவாக் கேட்டார்: "ஏன் புள்ள, இப்பிடி ஒருக்காக் கழுவி ஊத்தினா, மனிசனுக்குள்ள போன தண்ணியும் வெளியில வருமா?"

பெட்டிப் பக்கத்துச் சத்தம்

ராசன் பிரேதம் ஏத்துற வேன் ஓடுறவன். "இருக்கிறதுக்குள்ள தடிச்ச ஒயிலாத் தாங்க அக்கா" எண்டு வந்து நிண்டான். அப்பிடிக் கேட்டாலே எனக்குக் கோவம் வரும். வண்டிய விக்கப் போற ஆக்கள்தான் எஞ்சின் சத்தத்த அமத்துறதுக்குத் தடிச்ச ஒயில் தேடி வாறது. ஆர்ட தலையில கட்டப் போறாய் எண்டு ஏசினன். அவன் இல்லை எண்டு தலையாட்டினான். எஞ்சின் டக், டக் எண்டு தட்டுதாம். எஞ்சின் கிடக்கிறது முன் சீட்டுக்குக் கீழ. ஆனா பின்னால பெட்டியோட இருக்கிற சொந்தக்காரருக்கு அந்தத் தட்டு பெட்டிக்குள்ள இருந்து கேக்குதாம். போன கிழமை ஒரு தாய் வேனை மறிச்சு, பெட்டியத் திறந்து பார்த்த பிறகுதான் போகவிட்டவவாம்.

பாவம், அவன்ட பாடும் பாடுதான். வீட்டுக்காரர் வால்வைச் சரி பண்ணினார், நான் ஒரு படி தடிச்ச ஒயில் எடுத்துக் குடுத்தன். கொஞ்ச நாள் போக ராசன் கடைப்பக்கம் வந்தான். சத்தம் போயிட்டா எண்டு கேட்டன். "எஞ்சின்ட சத்தம் போயிட்டு அக்கா. மத்தச் சத்தத்துக்கு என்ன ஒயில் விடுற?"

றோட்டைக் காணாத டயர்

இனித்தான் நான் சொல்ல வந்த கதை. சிவமலர் எங்கட கடைக்குப் பின்னால கடற்கரை ஒழுங்கையில இருக்கிறவ. அவட மனிசன் யோகன் இன்னும் ரெண்டு பேரோட போட்டில கடலுக்குப் போனவன், கிறுகி வரல்ல. போட்டும் கிடைக்கல்ல, ஆக்களும் கிடைக்கல்ல. எஞ்சின் பழுதாகி, நீரோட்டத்தில அள்ளுண்டு, எங்கயோ ஒரு நாட்டில கரையேறி, மாசக்கணக்குக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்த ஆக்கள் எங்கட கரையில இருக்கிறாங்க. அதால அழவும் ஏலாம, அழாம இருக்கவும் ஏலாம அந்தப் புள்ள கிடந்து உத்தரிச்சா.

ஒரு நாள் யோகன்ட மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒயில் மாத்த வந்தா. அவவுக்கு ஓடத் தெரியாது. நட்டைக் கழட்டினா, தார் போலக் கறுத்து, எரிஞ்ச மணத்தோட வடியுது. மீட்டரைப் பார்த்தா, போன முறை ஒயில் மாத்தின பிறகு கொழும்புக்குப் பல தரம் போய்வந்த ஓட்டம். பின் சில்லடியில குந்தின வீட்டுக்காரர் எழும்பி வந்து என்ட காதுக்குள்ள சொன்னார். யோகன் கடலுக்குப் போறதுக்கு முதல் நாள், ஒயில் மாத்தினதோட சேர்த்து, இவர்தான் அந்த டயரைப் போட்டவராம். புது டயரில மயிர் போல நிக்கிற ரப்பர் இன்னும் அப்பிடியே நிக்குதாம். இண்டைக்குத் தள்ளிக்கொண்டு வந்த தூரம் தவிர அது றோட்டைக் காணல்லையாம்.

ஆரு புள்ள இதை ஓடுற எண்டு கேட்டன். சிவமலர் என்னைப் பார்க்கல்ல. மீட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "அவர்ட வண்டிய வேற ஆரு அக்கா ஓடுற?"

பின் சீட்டு

ஒழுங்கைக்குள்ள வேற கதை நடந்துகொண்டிருந்தது. யோகன் வழமையாக் கடலுக்குப் போற நேரம், பின்னேரத்தில, சிவமலர்ட வளவுக்குள்ள மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குதாம். ஆனா படலையால ஒண்டும் வெளியில வாறதில்லையாம். கச்சான் காத்து அனலா அடிக்கிற நேரத்திலயும் பயத்தில அக்கம்பக்கமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாங்க. எனக்குப் பேயில நம்பிக்கை இல்ல, அந்த எரிஞ்ச ஒயிலில நம்பிக்கை இருந்தது. ஒரு பின்னேரம் கடைய வீட்டுக்காரரிட்ட விட்டுப்போட்டுப் போனன்.

வேம்புக்குக் கீழ வண்டி ரெட்டை ஸ்டாண்டில நிக்குது. எஞ்சின் ஓடுது, கியர் விழுந்து கிடக்கு, பின் சில்லு நிலத்தில படாமச் சுத்துது. அந்த ரக வண்டியில மீட்டர் கியர் பெட்டியில இருந்துதான் ஓடும், நிண்ட இடத்திலயே தூரம் ஏறும். பின் சீட்டில சிவமலர், நல்ல சாறி உடுத்து, கால் ரெண்டையும் ஒரு பக்கம் போட்டு இருக்கிறா. முன் சீட்டில ஒருத்தரும் இல்ல. அவட வலக்கை, முன்னால இருக்கிற ஆள்ட இடுப்பைப் பிடிச்சது போல வெறும் காத்தைப் பிடிச்சிருந்தது. உண்மையில ஒரு பேயைக் கண்டிருந்தாலும் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டன்.

இறங்கி வந்து எல்லாம் சொன்னா. அம்மன் கோயில் சடங்கில தெய்வம் ஆடுற தேவாதி உருவேறி அவவுக்குக் கட்டுச் சொன்னவராம்: யோகன்ட இரும்பு துரு பிடிக்காம இருக்கும் மட்டும் யோகன் உயிரோட இருக்கிறான் எண்டு. எங்கட பக்கத்தில கட்டு எண்டா அம்மன்ட சொல், தட்ட மாட்டம். அவன்ட கத்திக்கும் பூட்டுக்கும் எண்ணெய் பூசி வைச்சிருக்கிறா. வண்டிய நிப்பாட்டி வைச்சாத் துரு பிடிக்கும், அதால ஓடவிடுறா. சரி, கியரை ஏன் புள்ள போட்டனீ எண்டு கேட்டன். "அவர் வந்தா முதல்ல மீட்டரைத்தான் பார்ப்பார் அக்கா. சும்மா போட்டு வைச்சிருக்காய் எண்டு ஏசுவார்."

மேசை விசிறி

ஏச வேண்டிய இடத்தில எனக்கு ஏச வரல்ல. இந்த எஞ்சின் நிண்டா யோகனும் இல்லை எண்டு அவ நம்புறா. நான் ஒயில் குடுத்தா அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் ஊத்துறன். குடுக்காட்டி கெதியில பிஸ்டன் இறுகும், தன்ட கையாலயே மனிசனைச் சாகடிச்சிட்டன் எண்டு அவ நினைப்பா. நீங்க எண்டா என்ன செய்திருப்பீங்க? நான் ஒயில் கடைக்காரி, ஒயிலைப் பற்றி யோசிச்சன். றோட்டில ஓடுற எஞ்சின் காத்தில ஆறும், நிண்டு ஓடுறது தன்ட சூட்டில தானே வேகும். அதுக்கு மெல்லிய ஒயில் ஆகாது, சூட்டில தண்ணியாப் போயிடும். புத்தகத்தில போட்டிருக்கிறதுக்கு ஒரு படி தடிச்சது வேணும், அதையும் கெதி கெதியா மாத்தவேணும். ஒயிலோட காத்தும் வேணும். எங்கட வீட்டு மேசை விசிறியத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சினுக்கு நேர முன்னால வைச்சுக் குடுத்தன்.

விசிறி சுத்தினதும் சிவமலர்ட தலைமயிரும் சாறித் தலைப்பும் பின்னால பறந்தது. பார்க்கிற ஆளுக்கு அவ றோட்டில போறா, வேலி மட்டும்தான் கூடப் போக மறந்து நிக்குது. கண்ணை மூடிச் சிரிச்சா. யோகன் போன பிறகு அவ சிரிச்சு நான் காணல்ல. மறுகா முன் சீட்டுப் பக்கம் குனிஞ்சு, என்னோட ஒருநாளும் கதைக்காத ஒரு குரலில சொன்னா: "மெதுவாப் போங்க, பாலம் வருது."

அந்தப் போத்தல் வேணாம்

இந்தக் கதை ஊருக்குள்ள எப்பிடியோ பரவி, என்ட வியாபாரத்தில கை வைச்சது. சிவமலருக்குக் குடுக்கிற அதே ஒயிலைத்தான் நான் ஓட்டோக்காரர் கனபேருக்கும் குடுக்கிறனான். கந்தசாமி அண்ணன் காலம் காலமா அதைத்தான் விடுறவர். அண்டைக்குப் போத்தலை எடுத்து மேசையில வைச்சதும், கையைப் பின்னால இழுத்துக்கொண்டார். வேற கம்பனிப் போத்தல் தரச் சொன்னார். உங்கட எஞ்சினுக்கு இதுதான் சரி, மாத்திப்போட்டுப் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது எண்டு கத்தினன். அவர் அசையல்ல. "அது நல்ல ஒயில்தான் தங்கச்சி, நான் ஒண்டும் சொல்லல்ல. எனக்கு ஆள் இருந்து ஓடுற ஒயில் காணும்."

கரண்ட் போன பின்னேரம்

ஒரு பின்னேரம் ஊர் முழுக்கக் கரண்ட் போச்சு. சிவமலர்ட விசிறியும் நிண்டிருக்கு. கச்சான் காத்து முகத்தில அடிச்சுக்கொண்டிருந்ததில, கண்ணை மூடிக்கொண்டிருந்த அவ அதைக் கவனிக்கல்ல. எஞ்சின் வலிச்சு வலிச்சு, கீச்செண்டு ஒரு சத்தத்தோட நிண்டது எங்கட கடைக்குக் கேட்டது. நாங்க ரெண்டு பேரும் ஓடினம். எஞ்சினில கைவைக்க ஏலாத சூடு. அவ பின் சீட்டில அப்பிடியே இருந்தா. "போயிட்டாரா அக்கா?" எண்டு கேட்டா. வீட்டுக்காரர்தான், "பிஸ்டன் இறுகியிருக்கு, செய்து தாறன்" எண்டு சொன்னார்.

சிலிண்டரைக் கடைஞ்செடுத்துப் புதுப் பிஸ்டன் போட்டு முடிக்கும் மட்டும், சிவமலர் கடைக்கு முன்னால வந்து குந்தியிருந்தா. நான் குடுத்த சோத்தைத் தொடல்ல. கட்டுச் சொன்ன தேவாதியிலயும் எனக்குக் கோவம், கடலிலயும் கோவம், அந்த விசிறியிலயும் கோவம். வேலை முடிஞ்சு இவர் உதைச்சார், ஒரே உதையில எடுத்தது. பழைய கடகடப்பு ஒண்டும் இல்ல, சீரா, மெல்லிசா ஓடுது. இவருக்கு முகமெல்லாம் சந்தோசம். சிவமலர் கிட்ட வந்து, தலையச் சரிச்சுக் கன நேரம் கேட்டா. "நல்லா இரிக்கு அண்ணன். ஆனா இது அவர்ட சத்தம் இல்ல."

பாரம்

அண்டைக்குத்தான் அழுதா. கடைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினன். சேர்த்து வைச்சிருந்த அவ்வளவு அழுகையும் வந்தது, நானும் கூட இருந்து அழுதன். அதுக்குப் பிறகு அவ பின் சீட்டில ஏறல்ல. என்ட வீட்டுக்காரரிட்டக் கேட்டு, வாவிக்கரை றோட்டில விழுந்தெழும்பி ஓடப் பழகினா, லைசனும் எடுத்தா. இப்ப வந்தாறுமூலையில பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை. நாளாந்தம் அந்த வண்டியிலதான் போய்வாறா. ஒழுங்கைச் சனம் கதவைத் திறந்து வைச்சு இருக்கத் தொடங்கிச்சு. அப்பாடா எண்டு நானும் பெருமூச்சு விட்டன்.

போன மாசம் ஒயில் மாத்த வந்தா. கொஞ்சம் தசை பிடிச்சு, முகம் தெளிஞ்சு, பார்க்க நல்லா இருந்தா. தூர ஓட்டம் எண்டா பாரத்தையும் பார்த்துத்தான் நான் ஒயில் எடுக்கிற, ஒரு ஆள் போறதுக்கும் ரெண்டு ஆள் போறதுக்கும் எஞ்சின் சூடு வேற. தனியத்தானே புள்ள ஓடுற எண்டு சும்மா கேட்டுக்கொண்டு போத்தலை எடுக்கக் கை நீட்டினன். அப்பதான் பார்த்தன், பின்னால இருக்கிற ஆள் கால் வைக்கிற கட்டை ரெண்டும் விரிச்சு விட்டுக் கிடக்கு. சிவமலர் பின் சீட்டில இருந்த மண்ணைத் துணியால துடைச்சுக்கொண்டே, சாதாரணமாச் சொன்னா: "ரெண்டு பேருக்குப் பார்த்துத் தாங்க அக்கா. போகக்குள்ள தனியத்தான், கடற்கரை றோட்டால வரக்குள்ள பாரமா இரிக்கு."

என்ன வண்டிக்கு என்ன ஒயில் எண்டு இப்பவும் யோசிக்காமச் சொல்லுவன், வண்டியில எத்தனை பேர் போறீங்க எண்டு கேக்கிறதை மட்டும் நான் அண்டையோட விட்டுட்டன்.