தொட்டால் உள்ளே

எங்கள் தொழிற்சாலையில் கோல்ஃப் ஷூ தைக்கத் தொடங்கியபோது அந்த விளையாட்டை நேரில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆம்பூரில் பாதிப் பேர் வெளிநாட்டுக் கால்களுக்குத் தைக்கிறவர்கள்தான். அந்தக் கால்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பெண்களுக்கான மாதிரி ஷூ முப்பத்தேழாம் அளவில் வரும். என் காலும் அதே அளவு. புது மாதிரி வந்தால் போட்டுக்கொண்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது, அடிப்பக்க முள் மண்ணைப் பிடிக்கிறதா என்று சொல்வது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

சிமெண்ட் தரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது என்று முதலாளி என்னை ஊருக்கு வெளியே இருந்த கோல்ஃப் கிளப்புக்கு அனுப்பினார். கம்பெனிக்கு அங்கே உறுப்பினர் உரிமை உண்டு. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. நான் போய் வெயிலில் மேடும் பள்ளமுமாக நடந்தேன். சும்மா நடப்பதற்குப் பதில் பந்தையும் அடித்துப் பார்த்தால்தான் கால் திரும்பும்போது ஷூ எப்படி இருக்கிறது என்று தெரியும். யாரோ ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் விட்டுப்போன பழைய மட்டைகள் அங்கே கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து அடித்தேன். பந்து மலைப்பக்கமாகப் பறந்தது. அதற்குப் பிறகு சோதிக்க ஷூ இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் போக ஆரம்பித்தேன்.

அந்த கிளப்பைப் படங்களில் பார்க்கும் கோல்ஃப் மைதானம் என்று நினைத்துவிடக் கூடாது. தோல் பதனிடும் டேனரிகளின் முந்தைய தலைமுறை முதலாளிகள் ஒரு காய்ந்த நிலத்தைச் சுத்தம் செய்து ஒன்பது குழி போட்டிருந்தார்கள். புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, இழுத்துச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் 'கிரீன்' என்பதை நாங்கள் 'பிரவுன்' என்போம். ஆட்டம் எளிதானதுதான். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்க்க வேண்டும். தேர்ந்தவர்களும் புதியவர்களும் சேர்ந்து ஆடும் போட்டி என்றால், புதியவர்களின் கணக்கில் சில அடிகளைக் கழித்துக்கொள்வார்கள். அங்கே ஆடிய ஒரே பெண் நான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் ஆடினேன்.

கொரோனா வந்து எல்லாம் மூடிக்கிடந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோது கிளப்பும் திறந்தது. கமிட்டியில் ஒரு டாக்டர் இருந்தார், வேலூர் பாகாயத்தில் குடியிருப்பவர். அந்த மாதங்களில் நோயாளிகளோடு கொரோனா வார்டிலேயே கிடந்து முகத்தில் மாஸ்க்கின் தழும்போடு நடந்துகொண்டிருந்த மனிதர். புது விதிகளை அவர்தான் எழுதினார். குழிகளில் நிற்கும் கொடிக்கம்பை யாரும் தொடக் கூடாது. அவரவர் பந்தை அவரவர்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான விதி குழியைப் பற்றியது. எல்லோருடைய கையும் ஒரே குழிக்குள் போகக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு குழியிலும் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி, கட்டைவிரல் உயரத்துக்கு மணலுக்கு மேலே நிற்கும்படி வைத்தார்கள். பந்து உள்ளே விழாது. குழாயைத் தொட்டால் விழுந்ததாகக் கணக்கு.

தொட்டால் உள்ளே. அவ்வளவுதான் விதி. கமிட்டி கூடி ஏற்றுக்கொண்டு பலகையில் ஒட்டிய விதி.

முதல் வாரமே ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் கடைசி உருட்டலை மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விட வேண்டும். வேகமாகப் போனால் பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும். இப்போது வேகமாகப் போனாலும் குழாயில் 'டொக்' என்று மோதினால் போதும். எல்லோரும் துணிந்து அடித்தார்கள். எல்லோருடைய கணக்கும் குறைந்தது. அதில் மிகவும் மகிழ்ந்தவர் ஹாஜியார். அவர் பெரிய டேனரிக்காரர், பல வருடம் கிளப்பின் சாம்பியன், எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவர். அந்த மாதங்களில்தான் அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரே அடியில் ஒரு குழியை முடித்தார். பந்து உருண்டு போய்க் குழாயில் மோதி, தெறித்து, சரிவில் இறங்கி முள்செடிக்குள் போனது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்ததே நான்தான். கிளப்பே கொண்டாடியது. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் பிரியாணி. கூட்டமாக உட்காரக் கூடாது என்பதால் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். தேதியோடு அவர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். பந்து உண்மையில் குழிக்குள் விழுந்திருக்குமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருடப் போட்டியில் கடைசி சுற்றில் ஹாஜியாரும் நானும் ஒன்றாக ஆட வேண்டி வந்தது. டாக்டர் எங்களோடு ஆடியபடி கணக்கு வைத்துக்கொண்டார். எனக்குக் கழித்த அடிகள் போகக் கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பேரும் சமம். இருவருடைய பந்தும் பிரவுனில் இருந்தன, என்னுடையது தூரத்தில். தூரத்தில் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். மணலில் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. மெதுவாக விட்டால் பாதியில் நின்றுவிடும். குழாய் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்; அதை நம்பித்தான் அடித்தேன். ஓங்கியே அடித்தேன். பந்து ஏற்றத்தைத் தாண்டி நேராகப் போய்க் குழாயில் மோதித் திரும்பி வந்தது. டாக்டர் கையை உயர்த்தினார்.

அடுத்து ஹாஜியார். அவரும் குழாயைத் தொட்டால் போதும், சமமாகியிருக்கும். ஏனோ பழைய வழக்கப்படி மெதுவாக விட்டார். பந்து குழாயைத் தொடாமல் ஓரமாக நழுவிப் போனது.

அவர் மட்டையை மணலில் ஊன்றினார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார்:

"உன் பந்து உள்ள போயிருக்காதும்மா."

"போயிருக்காது பாய். தொட்டுச்சு," என்றேன்.

கிளப் வராந்தாவுக்கு வருவதற்குள் பேச்சு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. செக்ரட்டரி, ரிட்டயர்டு அதிகாரி, நல்ல ஆங்கிலமும் நல்ல மீசையும் உள்ளவர், ஒரு யோசனை சொன்னார். அந்த ஒரு குழியில் மட்டும் குழாயைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேரும் திரும்ப ஆடலாம், அப்போது யாருக்கும் மனக்குறை இருக்காது என்றார். யாருக்கு மனக்குறை என்று கேட்டேன். ஆட மாட்டேன் என்றேன். ஆட்டம் முடிந்தது, இனி விதியை மாற்றுவதாக இருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டரும் குழாயைப் பிடுங்க விட மாட்டேன் என்றார். எதற்காக வைத்தோம் என்று அதற்குள் மறந்துபோனதா என்று அவர் கேட்டார். அதோடு அன்றைக்கு எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு ராப்பகலாகப் படித்தாள். பரீட்சை ரத்தாகி எல்லோரும் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்தது. அன்றிலிருந்து உறவுக்காரர்கள், கடைக்காரர், பக்கத்து வீட்டார் என்று பார்ப்பவர்கள் எல்லாம் அவளைக் 'கொரோனா பாஸ்' என்று கேலி செய்தார்கள். ஒருமுறை என் அண்ணனே அப்படிச் சிரித்தபோது அவள் சொன்னாள்: "நான் எழுதறேன்னுதான் இருந்தேன். என்னை யாரு கேட்டாங்க?" அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

குழாய் விஷயத்தை அவள் முழுதும் கேட்டாள்.

"பந்து தொட்டுதா?"

"தொட்டுது."

"தொட்டா உள்ளன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"அவங்கதான்."

"அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கும் என் கணவர் மட்டும் போனில், ஒரு கப்புக்காக ஏன் பேஜார், விட்டுவிடேன் என்றார். விட்டுவிடலாம்தான். கேலி செய்யாமல் கேட்டிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அதற்குள் கிளப்பில் அதற்குக் 'கொரோனா கப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு என்னால் விட முடியவில்லை.

கமிட்டி கூடியபோது வராந்தாவில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். செக்ரட்டரி ஒரு சமரசம் கொண்டுவந்தார். கப் எனக்குத்தான். ஆனால் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு, கீழே 'சிறப்பு விதிப்படி' என்று எழுதிவிடலாம். பின்னால் வருகிறவர்களுக்கு உண்மை தெரிய வேண்டுமல்லவா என்றார்.

நான் எழுந்து நின்றேன். பேச வேண்டும் என்று தயாரித்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது.

"உண்மைதான் வேணும்னா எல்லாத்துக்கும் போடுங்க சார். இந்த வருஷம் யார் யார் எத்தனை அடியில முடிச்சாங்களோ, அத்தனைக்கும் ஸ்டார் போடுங்க. நாம சாப்பிட்ட பிரியாணிக்கும் ஒண்ணு போடுங்க."

ஹாஜியார் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து காருக்குப் போய்விட்டார். டாக்டர் எதிர்த்தும், நட்சத்திரம் போடுவது என்று தீர்மானமானது. நான் கப்பை வாங்க மறுத்தேன். அது பொருட்கள் வைக்கும் அறைக்குப் போனது.

பெயின்டர் வந்து எழுதினார். என் பெயர், பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். பரிசு வாங்காத நான் இனி வர மாட்டேன் என்று நினைத்திருப்பார்கள் போல. அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் நின்றேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். ஆடி முடித்ததும் அந்தப் பலகைக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து டீ குடித்தேன். என் தலைக்கு மேலே நட்சத்திரம். பேச வந்தவர்கள் அதைப் பார்க்காமல் என்னோடு பேச முடியாது.

செக்ரட்டரி எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, உறுப்பினர் உரிமை கம்பெனியுடையது, நாலு டேனரிக்காரர்கள் வந்து போகும் இடம், கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்றார். அவர் கெட்டவரில்லை. உரிமையை வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் சார், நட்சத்திரத்தை மட்டும் சரியென்று சொல்லச் சொல்லாதீர்கள் என்றேன். தினமும் ஷூவைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள். தேறியது என்று முத்திரை குத்திய பிறகு பெட்டியைத் திறந்து பாதிதான் தேறியது என்று யாராவது எழுதினால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, போய் வேலையைப் பார் என்றார். உரிமையை எடுக்கவில்லை.

ஹாஜியார் பல வாரம் என்னோடு பேசவில்லை. ஒரு ஞாயிறு நான் டீயோடு உட்கார்ந்திருந்தபோது எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன்மேல கோவம் ஜாஸ்தியா இருந்துச்சும்மா," என்றார். "என் பிரியாணிய இழுத்துட்டியேன்னு."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் யோசிச்சேன். என் பந்து முள்ளுல கிடந்துச்சு. நீதான் எடுத்துக் குடுத்த." பலகையை அண்ணாந்து பார்த்தார். "என் பேருக்கும் ஸ்டார் போடுன்னு செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன். ரெண்டுத்துக்கும் போடணும், இல்ல ரெண்டுத்துக்கும் கூடாது."

ஹாஜியாரின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட அந்த கிளப்பில் யாருக்குத் தைரியம் வரும்? கமிட்டி திரும்பக் கூடியது. பெயின்டர் திரும்ப வந்தார். நட்சத்திரம் போய்விட்டது, அந்த இடத்தில் பலகை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. எனக்காக அதை எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டபோது முடியாது என்றவர்கள் அவர் கேட்டதும் முடியும் என்றார்கள். அதனால் ஹாஜியாருக்கு நான் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நட்சத்திரம் போன பிறகு வந்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம். நானே பொருள் அறைக்குப் போய், தூசி படிந்திருந்த கப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அதை ஒரு கட்டைப்பையில் போட்டு, எங்கள் வீடு இருக்கும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினேன். பஸ்ஸில் இருந்த தையல் பிரிவுப் பெண்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். வருடக்கணக்காக கோல்ஃப் ஷூ தைப்பவர்கள், அந்த ஆட்டம் எப்படி என்று என்னிடம் அன்றைக்குத்தான் கேட்டார்கள். தொழிற்சாலை கேட் வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன். இறங்கும்போது ஒருத்தி, நாங்க வந்தா உள்ள விடுவாங்களா மேடம் என்று கேட்டாள்.

கொரோனா ஓய்ந்து, குழாய்களைப் பிடுங்கிக் குழிகளைப் பழையபடி திறந்த பிறகு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். உறுப்பினர் விருந்தாளிகளைக் கூட்டி வரலாம் என்று விதி இருக்கிறது. விருந்தாளி யாராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. செக்ரட்டரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். மூவரும் வருகைப் பதிவில் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள்.

முதலில் ஆட வந்தவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மட்டையை ஓங்கி வீசினாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னாலிருந்து ஹாஜியார், பாவம், அதை விட்டுடு, திரும்ப அடிக்கச் சொல்லு என்றார்.

"அதுவும் கணக்குதான் பாய்," என்றேன். அவளும் திரும்பிப் பார்த்து, "எழுதிக்கோங்க மேடம்," என்றாள். கணக்குக் கார்டில் ஒரு அடி என்று எழுதினேன். அவள் மறுபடியும் பந்துக்கு நேராக நின்றாள்.